புராஸ்டேட் வீக்கத்துக்கு இயற்கை கேப்ஸ்யூல்: யாருக்காவது கேட்டதா?

கேள்வி, 11.05.2023

அப்பாவுக்கு 66 வயசு. ராத்திரி நாலு தடவை சிறுநீருக்கு எழுந்திரிக்கிறார். ஸ்கேன் எடுத்ததில் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) 48 கிராம், சதை வளர்ந்திருக்கிறது என்றார்கள். இங்கிலீஷ் மருந்தைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது என்று பயப்படுகிறார். சா பால்மெட்டோ, பூசணி விதை, நெருஞ்சி எல்லாம் கலந்த கேப்ஸ்யூல் ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு இருக்கிறது. யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா? கேட்டதா?

12.05.2023

எனக்குக் கேட்டது தம்பி. வயசு 63. கோபிச்செட்டிபாளையம் பக்கம். மின்வாரியத்தில் 31 வருஷம் மீட்டர் கணக்கெடுத்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். போன மார்கழியில் ராத்திரிக்கு ஐந்து தடவை எழுந்தேன். ஸ்கேனில் 52 கிராம். பால்மெட்டோ 320 மில்லிகிராம் கேப்ஸ்யூல் தினம் ஒன்று ஆரம்பித்தேன். பொங்கல் கழிந்து கொஞ்சம் தேவலை. மாசி, பங்குனியில் மூன்று தடவை. இப்போது இரண்டு, சில நாள் ஒன்றே ஒன்று. அப்பாவுக்குத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள்.

12.05.2023, இரவு

ஒன்று விட்டுப்போனது. வெறும் வயிற்றில் வேண்டாம். ஏப்பத்தில் எண்ணெய் வாடை வரும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள்.

19.05.2023

சேலத்து அண்ணா எழுதியதைப் படித்தேன். ஒருத்தருக்குக் கேட்டதை வைத்து ஊருக்கே சொல்லாதீர்கள், ஆராய்ச்சியைப் பாருங்கள் என்கிறார். என் தங்கை மகள் பி.பார்ம். படித்தவள். அவளிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னாள்.

பால்மெட்டோ என்பது அமெரிக்காவின் தென்கிழக்கில், புளோரிடாப் பக்கம் புதராக வளர்கிற குட்டைப் பனை. அதன் பழச் சாறுதான் கேப்ஸ்யூலுக்குள் இருப்பது. அதுவரை நடந்த 18 சோதனைகளை, 2,939 பேரின் கணக்கை, 1998இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில் பலன் உண்டு என்றுதான் வந்திருக்கிறது. விளம்பரங்களில் இன்றைக்கும் ஓடுவது அந்தக் காலத்துப் பேச்சு. ஆனால் அவற்றில் பல சின்னச் சோதனைகள், சில வாரங்களில் முடிந்தவை. பழத்துக்கு வாடை வேறு உண்டு. தனக்குக் கிடைத்தது நிஜ மருந்தா சும்மா மாத்திரையா என்று சாப்பிடுகிறவருக்கே தெரிந்துபோனால் சோதனை கெட்டது.

அதனால் 2006இல் ஒரே மாதிரி தோற்றமுள்ள சும்மா மாத்திரையும் செய்து, 225 பேருக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றுதான். அளவு போதவில்லை என்றார்கள் பால்மெட்டோக்காரர்கள். 2011இல் 369 பேருக்கு 320இல் ஆரம்பித்து 640, 960 என்று மூன்று மடங்கு வரை ஏற்றி ஒன்றரை வருஷம் பார்த்தார்கள். அப்போதும் அதே கதை.

இதை அளப்பதற்கு ஏழு கேள்விப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள். நீர் விட்ட பிறகும் மிச்சம் இருப்பது போல் இருக்கிறதா, தாரை மெலிந்ததா, விட்டு விட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, ராத்திரி எத்தனை தடவை என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. மொத்தம் 35. ஏழு வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. 2011 சோதனையில் பால்மெட்டோ சாப்பிட்டவர்கள் 14.42இலிருந்து 12.22க்கு இறங்கியிருக்கிறார்கள். சும்மா மாத்திரை சாப்பிட்டவர்கள் 14.69இலிருந்து 11.70க்கு.

அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னேன். சும்மா மாத்திரைக்கே மூன்று புள்ளி இறங்குகிறதென்றால் இந்த நோய் தானாகவே ஏறி இறங்குகிற நோய் என்றாகிறது. ஆனாலும் என் ஐந்து இரண்டானதை நான் கண்ணால் பார்த்தேன். அதை இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை. கேப்ஸ்யூலைத் தொடர்கிறேன்.

02.06.2023

பூசணி விதை கேட்ட அம்மிணிக்கு: முதலில் எந்தப் பூசணி என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் அரசாணிக்காய், தஞ்சாவூர்ப் பக்கம் பரங்கி, சென்னையில் மஞ்சள் பூசணி. அதன் விதை. திருஷ்டிக்கு உடைக்கிற வெள்ளைப் பூசணியின் விதையை உலர்த்தி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது வேறு காய்.

ஜெர்மனியில் 1,431 பேரை வைத்து ஒரு வருஷம் நடந்த சோதனை 2015இல் வெளியானது. சாறெடுத்த கேப்ஸ்யூலுக்கும் சும்மா மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை. விதையாகவே காலையில் ஐந்து கிராம், மாலையில் ஐந்து கிராம் சாப்பிட்டவர்களில் மட்டும் நூற்றுக்கு 58 பேர் ஐந்து புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினார்கள். சும்மா இருந்தவர்களில் 47 பேர். இடைவெளி சின்னதுதான். விதை சத்தான பண்டம், வறுத்துச் சாப்பிட்டால் கெடுதல் ஒன்றுமில்லை. அதைச் சாறெடுத்து டப்பாவில் அடைத்து ஆயிரம் ரூபாய்க்கு விற்பதை வாங்க வேண்டியதில்லை.

11.06.2023

என் கேப்ஸ்யூல் டப்பாவின் பின்பக்கத்தை இன்றைக்குத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். துத்தநாகம், செலினியம், வைட்டமின் ஈ மூன்றும் சேர்ந்திருக்கின்றன. மருமகளுக்குப் போன் போட்டேன். (தங்கை மகள்தான். எங்களில் அப்படித்தான் கூப்பிடுவோம்.)

செலினியமும் வைட்டமின் ஈயும் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி 2001இல் அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ மூன்றிலும் சேர்த்து 35,533 ஆண்களை வைத்து ஆரம்பித்திருக்கிறார்கள். பலன் தெரியாததால் 2008இல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பிறகும் ஆட்களைத் தொடர்ந்து கவனித்ததில், வைட்டமின் ஈ மட்டும் தினம் 400 யூனிட் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதல் என்று 2011இல் தெரிந்தது. துத்தநாகம்: அமெரிக்காவில் 46,974 ஆண்களைத் தொடர்ந்த ஒரு கணக்கில், மாத்திரையாகத் தினம் 100 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களுக்கு முற்றிய புற்றுநோய் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. 2003இல் வந்தது.

என் டப்பாவில் அவ்வளவு இல்லை. ஆனாலும் "சத்துதானே, என்ன கெடுதல்" என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தம்பி, உங்கள் அப்பாவுக்கு வாங்கியது இந்தக் கலவை என்றால் அளவைப் பாருங்கள்.

21.12.2023

மறுபடி நாலு. நேற்று ஐந்து. கேப்ஸ்யூல் ஒரு நாள் தவறவில்லை.

22.12.2023

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 12.05 அன்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தம்பி, அதை நம்பி வாங்கியிருந்தால் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். ஆரம்பித்தது மார்கழி. எங்கள் ஊரில் விடியற்காலையில் வெடவெடக்கும். வேர்வை கிடையாது, குடித்த தண்ணீர் எல்லாம் நீராகத்தான் வெளியே போக வேண்டும். குளிருக்கு அந்தச் சதையும் இறுக்கும். பங்குனி, சித்திரையில் ஈரோட்டு வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டது. பாயெல்லாம் வேர்வை. தண்ணீர் அந்த வழியில் போய்விட்டதால் எழுந்திருக்க வேலை இல்லை. கேப்ஸ்யூல் நல்ல பெயர் வாங்கிக்கொண்டது. இப்போது மார்கழி திரும்பியதும் கணக்கும் திரும்பிவிட்டது.

மீட்டர் ரீடிங்கில் முதல் பாடமே, கோடைக் கணக்கைக் கோடையோடு ஒப்பிட வேண்டும் என்பது. போன தடவை 300 யூனிட், இந்தத் தடவை 520, மீட்டர் ஓட்டம் ஓடுகிறது என்று சண்டைக்கு வருவார்கள். போன வருஷம் இதே மாசத்து அட்டையை எடுங்கள் என்பேன். 510 இருக்கும். எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன்! என் உடம்புக்கு அந்த அட்டையை நான் எடுத்துப் பார்க்கவில்லை.

மருமகள் இன்னொன்றும் சொன்னாள். இந்த வருஷம் காக்ரேன் என்ற அமைப்பு மறுபடி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறது. 27 சோதனை, 4,656 பேர். பால்மெட்டோ தனியாக எடுத்தால் பலன் இல்லை, இருந்தாலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

24.12.2023

இன்றைக்கு மூன்றாவது நாளாக அளக்கிறேன். மாவுக்கு வைத்திருந்த அரை லிட்டர் அளவு ஜாடி ஒன்று, கோடு போட்டது. அதைக் கழிப்பறை ஜன்னலில் வைத்துவிட்டேன். பக்கத்தில் பழைய ரீடிங் நோட்டும் நூல் கட்டிய பேனாவும். நேரம், எத்தனை மி.லி., அவ்வளவுதான். படுத்த பிறகு வந்ததும் காலையில் எழுந்ததும் முதலில் விடுவதும் ராத்திரிக் கணக்கு.

மூன்று நாள் சராசரி: மொத்தம் 1,840. ராத்திரி மட்டும் 870.

ஏறக்குறையப் பாதி. எங்கள் வயசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் வந்தால் அதற்குத் தனிப் பெயர் உண்டாம். ராத்திரி நீர் பெருகுகிறது என்று பொருள். புராஸ்டேட் எவ்வளவு சுருங்கினாலும் அந்த 870 எங்கே போகும்? வெளியே வந்துதானே ஆக வேண்டும். நான் ஒரு வருஷமாக மருந்து கொடுத்தது ஒரு வியாதிக்கு, எழுப்பிக்கொண்டிருந்ததில் பாதி இன்னொன்று.

இது நமக்குள் யாருமே பேசாத விஷயமாக இருக்கிறது. ராத்திரி எழுந்தால் "புராஸ்டேட்" என்று நாமே பெயர் வைத்துவிடுகிறோம். சர்க்கரை இருக்கலாம். கால் வீக்கம் இருக்கலாம். குறட்டையில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கும் ராத்திரி நீர் கூடும்.

25.12.2023

எப்படி அளப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மேலே எழுதியதுதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெளியே போகாத மூன்று நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குடித்த தண்ணீரையும் எழுதுங்கள்.

30.12.2023

எனக்குக் காரணம் கால். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். சாயங்காலம் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, மெதுவாகத்தான் எழும்பும். பகலெல்லாம் காலில் இறங்குகிற நீர், படுத்ததும் ரத்தத்துக்கு ஏறி ராத்திரி சிறுநீராகிறது. இப்போது மத்தியானம் மூன்றரைக்குக் கட்டிலில் சாய்ந்து இரண்டு தலைகாணியின் மேல் ஒரு மணி நேரம் கால் வைக்கிறேன். அந்த நீர் ஆறு மணிக்குள் போய்விடுகிறது. ஏழு மணிக் காப்பியை விட்டேன், ராத்திரி ஊறுகாயையும் விட்டேன். மாத்திரையை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கப் போகிறேன், நானாக நிறுத்தவில்லை. கேப்ஸ்யூலை 22ஆம் தேதியே நிறுத்தியாயிற்று.

நேற்று மூன்று தடவை. இந்த மார்கழியிலேயே.

17.01.2024

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்தேன். உட்கார்ந்து எழுத முடிகிறது.

போகிக்கு முந்தின நாள் சளி. மூக்கு ஒழுகுகிறது, தலை கனம். மெடிக்கலில் எல்லோரும் வாங்குகிற சளி மாத்திரை இரண்டு வேளை போட்டேன். போகி சாயங்காலம் வாசலில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டினோம். அப்போதே அடிவயிறு கனத்தது. பத்து மணிக்குப் போனால் சொட்டு. பன்னிரண்டுக்கு அதுவும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுக்காரம்மா வெந்நீர்ப் பையைக் கொடுத்தாள். இரண்டு மணிக்குத் தொப்புளுக்குக் கீழே கல்லுப் போல் எழும்பி நிற்கிறது. நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. மூன்று மணிக்குப் பையன் காரை எடுத்தான். அந்தப் பதினெட்டு கிலோமீட்டரில் எத்தனை வேகத்தடை என்று எனக்குத் தெரியும்.

ட்யூப் போட்டார்கள். பையில் நூறு, இருநூறு என்று கோடு போட்டிருக்கும். அதைப் படித்துக்கொண்டே படுத்திருந்தேன். 900இல் நின்றது. அந்த நிம்மதிக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டர் முதலில் கேட்டதே "சளி மாத்திரை போட்டீங்களா?" என்றுதான். அந்த மாத்திரைகளில் பெரும்பாலும் இரண்டு சரக்கு. மூக்கடைப்பைத் திறக்கிற பினைல்எஃப்ரின், சிறுநீர்ப்பையின் வாயிலுள்ள தசையையும் இறுக்குகிறது. ஒழுகுவதை நிறுத்துகிற குளோர்பெனிரமின், பை சுருங்கித் தள்ளுகிற பலத்தைக் குறைக்கிறது. வாசலைப் பூட்டித் தள்ளுகிறவன் கையையும் கட்டினால் எப்படி! வீக்கம் இருக்கிற ஆண்கள் எல்லோரும் இதைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். சளிக்கு ஆவி பிடியுங்கள். மாத்திரை வேண்டுமென்றால் புராஸ்டேட் இருக்கிறதைச் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

23.01.2024

ட்யூபை எடுத்துவிட்டார்கள். டாம்சுலோசின் 0.4 கொடுத்துச் சில நாள் கழித்து எடுத்தால் தானாகப் போகிற வாய்ப்பு கூடும் என்றார்கள். போனது. முதல் தடவை 210 மி.லி. அளந்தேன்.

இந்த மாத்திரை சதையைச் சுருக்காது. வாயிலிலுள்ள தசையைத் தளர்த்துகிறது, சில நாளிலேயே தெரியும். முதல் ராத்திரி எழுந்ததும் கண் இருட்டியது. கட்டில் ஓரம் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழச் சொன்னார்கள், அப்படியே செய்கிறேன்.

02.02.2024

"எனக்கு அடைப்பே இல்லை, தாராளமாகப் போகிறது, அடிக்கடி போகிறது, அவ்வளவுதான்" என்று ஒரு ஐயா எழுதியிருக்கிறார். ராத்திரி சில சமயம் படுக்கையும் நனைகிறதென்று கடைசி வரியில் போட்டிருக்கிறார். ஐயா, தயவுசெய்து இந்த வாரமே ஸ்கேனும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரத்தச் சோதனையும் பாருங்கள்.

என்னோடு வேலை பார்த்தவர் ஒருத்தர் இப்படியேதான் சொன்னார். வலி கிடையாது. மூன்று வருஷம் சூரணமும் கஷாயமும். படுக்கை நனைவதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு அவர் வீட்டம்மா ரப்பர் ஷீட் விரித்து, விடிவதற்குள் துவைத்து, மாட்டுக் கொட்டகைப் பின்னால் காயப்போடுவார். கால் முகமெல்லாம் வீங்கிப் போய்ப் பார்த்தபோது கிரியேட்டினின் 6.2. பை நிறைந்து வழிந்ததுதான் அவருக்குத் தாராளமாகப் போவது போல் தெரிந்தது. உள்ளே தேங்கிய நீர் மேலே சிறுநீரகம் வரை அழுத்தி அதைப் பாழாக்கிவிட்டது. வாரம் இரண்டு டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார். போன ஆவணியில் தவறிவிட்டார்.

அவர் குடித்த கஷாயத்தில் விஷம் ஒன்றும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. நீர் விட்ட பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு ஸ்கேன் பார்த்திருந்தால் முதல் வருஷமே தெரிந்திருக்கும். பத்து நிமிஷ வேலை.

09.02.2024

நெருஞ்சியும் சிறுபீளையும் பற்றிக் கேட்டவர்களுக்கு. எங்கள் ஊர் அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் இருக்கிற டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புதுசு.

வாசலில் காப்புக் கட்டுகிற பூளைப்பூதான் சிறுபீளை. அதுவும் நெருஞ்சி முள்ளும் சித்த வைத்தியத்தில் நீர் பெருக்கி. நீர்ச்சுருக்குக்கும் கல்லடைப்புக்கும் கொடுப்பது. சின்னக் கல்லைத் தண்ணீர் அடித்துத் தள்ள வேண்டும், அதற்கு நீர் பெருக வேண்டும். புராஸ்டேட்காரருக்கு நீருக்குப் பஞ்சமில்லை, வாசல்தான் குறுகல். அவருக்கு ஏழு மணிக்கு ஒரு தம்ளர் நெருஞ்சிக் கஷாயம் கொடுத்தால் பதினொரு மணிக்கு எழுப்பும். "ஸ்கேன் பார்க்காமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை, நீங்களாக நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் காய்ச்சாதீர்கள்" என்றார். இரண்டு வைத்தியத்தையும் எதிரெதிராக நிறுத்துகிறவர்கள் இந்த அம்மாவிடம் கால் மணி நேரம் உட்கார வேண்டும்.

பீட்டா சிட்டோஸ்டெரால் பற்றியும் ஒருத்தர் கேட்டார். செடிகளில் இருக்கிற கொழுப்பு மாதிரி ஒரு பொருள். 1995இல் ஜெர்மனியில் 200 பேருக்குத் தினம் மூன்று வேளை 20 மில்லிகிராம் கொடுத்து ஆறு மாசம் பார்த்ததில் தாரை நன்றாகவே கூடியது. சதையின் அளவு குறையவில்லை. இந்த வரிசையில் எனக்கு மரியாதை தோன்றுவது இது ஒன்றுக்குத்தான். பிஜியம் என்பது ஆப்பிரிக்கச் செர்ரி மரத்தின் பட்டை. பட்டைக்காக மரங்களை உரித்தே கொன்றதால் 1995இலிருந்து அதன் ஏற்றுமதிக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு. ஒரு மரத்தைச் சாகடித்து எனக்குத் தூக்கம் வேண்டாம்.

20.02.2024

மேலே யாரோ "30 நாளில் புராஸ்டேட் பூரண குணம்" என்ற விளம்பரத்தைக் கொண்டு வந்து போட்டிருக்கிறார். எடுத்துவிடுங்கள். 1954ஆம் வருஷத்து மந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில் 54 வியாதிகளின் பட்டியல் உண்டு, அதில் புராஸ்டேட் கோளாறும் ஒன்று. குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்வதே குற்றம். கேப்ஸ்யூல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கம் ஒரு பேச்சு, பின்பக்கம் ஒரு பேச்சு.

கலப்படக் கதையும் கேளுங்கள். எட்டு மூலிகை என்று பி.சி. ஸ்பெஸ் என்ற மருந்தை அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய்க்காரர்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். நன்றாக வேலை செய்தது, புராஸ்டேட் நிலையைக் காட்டுகிற பி.எஸ்.ஏ. என்ற ரத்த அளவு இறங்கியது. 2002இல் பிரித்துப் பார்த்தால் உள்ளே ரத்தத்தை இளக்குகிற வார்ஃபரின், செயற்கைப் பெண் ஹார்மோன், வலி மாத்திரைச் சரக்கு. சந்தையிலிருந்து எடுத்தார்கள். நோயோடு நம்பிச் சாப்பிட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. ஒரு மூலிகை மாத்திரை அதிசயமாகக் கேட்டால் அன்றைக்குத்தான் பயப்பட வேண்டும் என்கிறாள் மருமகள்.

14.03.2024

ஃபினாஸ்டரைடும் சேர்த்திருக்கிறார்கள், 5 மில்லிகிராம். இது சதையையே சுருக்குவது, ஆறு மாசம் பொறுக்க வேண்டும். 2003இல் 3,047 பேரை நாலரை வருஷம் தொடர்ந்த சோதனையில், தசை தளர்த்துகிற மாத்திரையும் இதுவும் சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றுவது 66 சதவீதம் குறைந்தது. தாம்பத்திய விருப்பம் குறையலாம் என்று டாக்டர் முதலிலேயே சொன்னார், வீட்டுக்காரம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு.

"கெமிக்கல்" என்று ஒதுக்குகிறவர்களுக்கு இதன் பிறப்பைச் சொல்ல ஆசை. டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில் சில குழந்தைகள் பார்க்கப் பெண் போலப் பிறந்து பருவத்தில் ஆணாக மாறுவார்கள். 1974இல் அதைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். ஆண் ஹார்மோனை இன்னும் வீரியமாக்குகிற ஒரு நொதி அவர்கள் உடம்பில் குறைவு. வளர்ந்த பிறகும் அவர்கள் புராஸ்டேட் சின்னதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுத்தால் வீக்கம் அடங்கும் என்று அங்கே பிடித்த நூல்தான் 1992இல் இந்த மாத்திரையானது. பால்மெட்டோவும் அதே நொதியைத் தடுப்பதாகத்தான் சொல்லி விற்கிறார்கள். தடுத்தால் பி.எஸ்.ஏ. இறங்க வேண்டும். பால்மெட்டோ சாப்பிட்டவர்களுக்கு இறங்கவில்லை.

30.08.2024

முக்கியம். பி.எஸ்.ஏ. ரிசல்ட் வந்தது. எனக்கு ஜனவரியில் 5.8, ட்யூபும் சதைக் காயமும் சேர்ந்த கணக்கு. மார்ச்சில் 3.1. இப்போது 1.6. லேப் காகிதத்தில் "நார்மல்" என்று போட்டிருக்கிறது. ஃபினாஸ்டரைடு ஆறு மாசத்தில் இந்த எண்ணைப் பாதியாக்கும். என் 1.6ஐ 3.2 என்று படிக்க வேண்டும். இது தெரியாத இடத்தில் காட்டினால் 2.5 வந்தாலும் நல்லது என்று அனுப்பிவிடுவார்கள், உண்மையில் அது 5. மாத்திரை பெயரைச் சொல்லிவிட்டு ரத்தம் கொடுங்கள்.

12.10.2024

கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் டாம்சுலோசின் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். கருவிழித் திரை தளர்ந்து ஆபரேஷன் நடுவில் தொல்லை கொடுக்கும். 2005இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் சொன்னேன், அதற்குத் தகுந்த மாதிரி தயார் செய்துகொண்டார்கள். வலது கண் இப்போது பளிச்சென்று இருக்கிறது.

27.12.2024

தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதை இன்றைக்குப் பார்த்தேன். மூன்று நாள் அளந்தீர்களா, ராத்திரிப் பங்கு நாலில் ஒன்றுதானா? அப்படியென்றால் அவருக்கு என் மாதிரி கால் நீர்க் கதை இல்லை, வாசல்தான். தாரை வேகம் நொடிக்கு 9 மி.லி. என்கிறீர்கள். பதினைந்துக்கு மேல் நல்லது, பத்துக்குக் கீழ் அடைப்பு என்று பார்ப்பார்கள். மிச்சம் 140. பயப்பட வேண்டியதில்லை, ஆனால் தள்ளிப் போடவும் கூடாது. ஆயுசுக்கும் மாத்திரையா என்ற பயத்துக்கு: நான் மாசாமாசம் வாங்கிய கேப்ஸ்யூலும் ஆயுசுக்கும் என்றுதான் போய்க்கொண்டிருந்தது, 1,450 ரூபாயில். இந்த இரண்டு மாத்திரையும் மக்கள் மருந்தகத்தில் அதில் கொஞ்சப் பங்குதான். விதை பிடித்தால் விதையைச் சாப்பிடட்டும்.

என் நோட்டு, இந்த மார்கழி, கடந்த மூன்று ராத்திரி: 2, 1, 2. மொத்தம் 1,790, ராத்திரி 540. போன மார்கழி இதே தேதிகளின் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.